ஆடாத வீடு

ஏணியிலிருந்து விழுந்ததில் டாரலுக்கு ஓர் எலும்புகூட முறியவில்லை. அதனால் முதலில் எல்லோரும் அவனை அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். காற்றாலைக் கோபுரங்களுக்குள் போல்ட் முறுக்குகிற வேலை அவனுக்கு. விழுந்ததும் பெரிய உயரத்திலிருந்து இல்லை. ஆனால் இடது காது இரும்பில் மோத விழுந்தான். அன்றிலிருந்து தரை அவனுக்குக் கட்டுப்படுவதில்லை. எழுந்து நின்றால் சாய்கிறது. படுத்திருக்கும்போது கட்டில் லேசாக அசைந்தாலும் போதும், குடல் வாய்க்கு வந்துவிடுகிறது.

"அசைவே இல்லாத எடத்துல படுக்க வைங்க. தானா சரியாகும்," என்றாள் டாக்டர்.

"எத்தனை நாள்ல?" என்று கேட்டாள் அவன் மனைவி கொரீன்.

"அதை அந்தக் காதுகிட்டதான் கேக்கணும்."

அசைவே இல்லாத இடம். கொரீனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர்களுக்கு இருந்த வீடு ஒரு டிரெய்லர், லாரியில் மாட்டி ஊர் ஊராக இழுத்துப் போகிற சக்கர வீடு. வயோமிங் மாநிலத்தின் மேட்டுச் சமவெளியில், நெடுஞ்சாலையை ஒட்டிய சரளை மைதானத்தில், காற்றாலை வேலைக்காரர்களின் டிரெய்லர்கள் வரிசையாக நின்றன; அதில் ஒன்று. காஸ்பர் நகரத்தில் அவளுடைய அக்காவுக்குக் கல் கட்டிடத்தில் வீடு இருந்தது. ஆனால் டாரலை வண்டியில் ஏற்றினால் முதல் வளைவுக்குள் வாந்தி. இரண்டாவது வளைவில் கதவைத் திறந்து இறங்கப் பார்ப்பான். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்த பயணத்தை அவள் மறுபடி நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

அந்தச் சமவெளியில் காற்று நிற்பதே இல்லை. காற்றில்லாத நேரத்திலும் டிரெய்லர் ஆடும். அவள் அடுப்படியிலிருந்து கதவுக்கு நடந்தால் அந்த நடை தரைவழியே போய்க் கட்டிலைத் தொடும். "கொரீன்," என்று உள்ளிருந்து முனகல் வரும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, திருட வந்தவளைப் போல முன்காலால் நடக்கப் பழகினாள். அப்படியும் அவன் தூங்கவில்லை. உப்பு பிஸ்கட்டும் இஞ்சி சோடாவும் தவிர எதுவும் இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப் போயிற்று. பேச்சும் குறைந்தது. அவன் மறுபடி கோபுரம் ஏறுவானா என்ற கவலை போய், இவன் ஒரு முழு இரவு தூங்கினால் போதும் என்ற இடத்துக்கு அவள் வந்திருந்தாள்.

ஒருநாள் காலை அவன்தான் சொன்னான்: "கட்டிலுக்கு அடியில என் மெஷின் இருக்கு. எடுத்துட்டுப் போய் ஜாக்கை எல்லாம் இன்னும் கொஞ்சம் ஏத்து."

"எவ்வளவு?"

"ஆட்டம் நிக்கிற வரைக்கும்."

டிரெய்லரின் நான்கு மூலைகளிலும் அடியில் மடக்கி விரிக்கும் ஜாக் ஒவ்வொன்று இருக்கும். அதன் பாரத்தைச் சக்கரங்கள்தான் சுமக்க வேண்டும். மூலை ஜாக்குகள் சும்மா முட்டுக்கொடுத்து ஆட்டத்தைக் குறைத்தால் போதும். இது கொரீனுக்குத் தெரியாததல்ல. ஆனால் முகாம் மாறும்போதெல்லாம் வெளியே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றுகிறவன் டாரல். உள்ளே நின்று குதித்துப் பார்த்து "போதும்" என்று கத்துகிறவள் அவள். எத்தனையோ முகாம்களில் அப்படித்தான் நடந்தது. இப்போது அவள் வெளியே, அவன் உள்ளே. அவன் "போதும்" என்று சொல்லவில்லை.

"இன்னும்," என்றான்.

கைப்பிடியால் சுற்றியிருந்தால் பாரம் ஏறுவது தோளில் தெரிந்திருக்கும். போல்ட் முறுக்குகிற அந்த பேட்டரி மெஷினுக்குப் பாரமும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். விரலால் அழுத்தினால் கடகடவென்று ஏறியது. அவள் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்கிறவள். முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்று வரிசை வைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு மூலையை ஏற்றினால் எதிர்மூலை தளர்ந்தது. அதை ஏற்றினால் இது தளர்ந்தது. சுற்றிச் சுற்றி வந்தாள். லாரியில் மாட்டுகிற மூக்குப் பக்கம் நடுவில் நிற்கும் பெரிய ஜாக்கையும் அதற்கு ஏற்றபடி உயர்த்தினாள்.

சக்கரம் என்ன ஆயிற்று என்று பார்க்க வழி இல்லை. குளிருக்குத் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க, பனி விழுவதற்கு முன்பே டிரெய்லரின் அடியைச் சுற்றி நுரைப் பலகைகளை நிறுத்தி ஒட்டுப்பட்டை போட்டு அடைத்திருந்தார்கள். எல்லா டிரெய்லர்களும் அப்படித்தான். மூலைகளில் மட்டும் ஜாக்கைத் திருப்ப ஒரு துளை.

அன்று இரவு டாரல் தூங்கினான்.

அவள் விழித்திருந்து அந்த மூச்சைக் கேட்டாள். காலையில் அவன் முட்டை கேட்டான். அதற்குப் பிறகு எங்கேயாவது ஒரு சின்ன அசைவு தெரிந்தாலும் அவள் மெஷினை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெயில் பட்ட பக்கம் மண் கொஞ்சம் இறங்கும், ஒரு சுற்று. மறுநாள் அடுத்த பக்கம், இன்னொரு சுற்று. தான் செய்வது சரிதானா என்ற சந்தேகம் அவளுக்கு எப்போதும் உண்டு, உப்புப் போடுவதிலிருந்து. ஆனால் இந்த ஒரு வேலையில் பலன் கண்ணெதிரே தெரிந்தது. சந்தேகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

பக்கத்து டிரெய்லர் ரமோனாவினுடையது. நியூ மெக்சிகோக்காரி, கொரீன் வயதுதான். அவள் புருஷனும் கோபுர வேலைதான். பச்சை மிளகாயும் பன்றிக்கறியும் போட்ட குழம்பை ஒரு சட்டியில் கொண்டுவந்தவள் வாசற்படியில் கால் வைக்கத் தடுமாறினாள்.

"அடியே, உங்க வீட்டுப் படி என்னடி தெனமும் வளருது? இதுல ஏற எனக்கு ஏணி வேணும் போல."

"ஒனக்குக் கால் குட்டைன்னு சொல்லு," என்றாள் கொரீன்.

"கால் குட்டைதான். ஆனா போன வாரமும் இதே கால்தான இருந்துச்சு?"

இருவரும் சிரித்தார்கள். அவள் போன பிறகு கொரீன் படிக்குக் கீழே ஒரு பலகையைப் போட்டாள். ரமோனா தன் வாசலிலிருந்து கொஞ்ச நேரம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் போலிருந்தது. சொல்லவில்லை. முகாமில் ஒரு கட்டுப்பாடு உண்டு: அடுத்தவர் தானாகக் கேட்காமல் அவர் ஜாக்கைத் தொடக் கூடாது, அதைப் பற்றி வாய் திறக்கவும் கூடாது. ஒருவன் வீட்டை நிறுத்தியிருக்கிற விதத்தைக் குறை சொல்வது அவன் பெண்டாட்டியைக் குறை சொல்வது போல. அதற்காகக் கைகலப்பு நடந்திருக்கிறது.

பிப்ரவரி முடிகிற நேரத்தில் அந்த வெதுவெதுப்பான காற்று வந்தது. மலையிலிருந்து இறங்கிப் பனியைத் தின்று தீர்க்கிற காற்று. காலையில் எழுந்தபோது கூரையிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் மைதானத்தில் வெள்ளையே இல்லை. குளிர்காலம் முழுதும் இரும்பாகக் கிடந்த தரை பூட்ஸுக்கு அடியில் களுக் களுக்கென்றது.

சாப்பாட்டு வேளை தாண்டியதும் ஜன்னல் வழியே கொரீன் குன்றைப் பார்த்தாள். காற்றாலைகள் நின்றிருந்தன. ஒன்று பாக்கியில்லாமல், எல்லா இறக்கைகளும் காற்றுக்குத் தங்கள் ஓரத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றன.

காற்றாலை சுற்றினால் சாதாரணக் காற்று. காற்று ஊதும்போதே அது நின்றுவிட்டால், அது தாங்குகிற அளவைக் காற்று தாண்டிவிட்டது என்று பொருள். அதைப் பார்த்ததும் முகாமில் ஆட்கள் பேசாமல் வேலையில் இறங்குவார்கள். லாரியைப் பின்னால் எடுத்து டிரெய்லரின் கொக்கியில் மாட்டுவார்கள், எடை சேரட்டும் என்று. குடிநீர்த் தொட்டியை நிரப்புவார்கள். நெடுஞ்சாலையில் உயரமான வண்டிகளுக்கு ஏற்கெனவே தடை போட்டாகிவிட்டது, ஓடிப்போகவும் முடியாது.

கொரீனும் எழுந்தாள். ஆனால் மேஜை மேல் இருந்த தண்ணீர்க் குவளை கண்ணில் பட்டது. தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வெளியே ஓசை ரயில் போல இரைகிறது, உள்ளே குவளை அசையவில்லை. கட்டிலில் டாரல் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவளுக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு காற்றிலும் என் வீடு ஆடவில்லை.

ஜன்னலுக்குத் திரும்பினாள். ரமோனாவின் டிரெய்லர் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்ததும். அதற்கும் அடுத்ததும். லாரி மாட்டிய பிறகும் ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே தலையாட்டிக்கொண்டிருந்தது. ஆடும்போது பாரம் டயரில் அமுங்கி, எழும்பி, மறுபடி அமுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

வரிசை முழுக்க எல்லாம் ஆடுகிறது. இது மட்டும் ஏன் ஆடவில்லை?

பூட்ஸை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். கதவைக் காற்று பிடுங்கிச் சுவரில் அடித்தது. படிக்குக் கால் தேடினாள். பலகையும் போட்ட பிறகு படி இன்னும் கீழே இருந்தது. கையால் பிடித்துக்கொண்டு குதித்து இறங்கினாள்.

மேற்குப் பக்கம் நுரைப் பலகைகளில் ஒன்றைக் காற்று ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. அவள் சேற்றில் முட்டி போட்டு அந்த இடைவெளியில் பார்த்தாள்.

சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. நான்கு விரல் அகலத்துக்கு வெளிச்சம். சக்கரம் உருளாமல் இருக்க வைத்த கட்டைகள் எதையும் தொடாமல் தனியே நின்றன. அடியில் புகுந்த காற்றில் சக்கரம் மெல்ல, யாரோ விரலால் தள்ளுவது போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

மொத்த வீடும் மூக்கு ஜாக்கின் மேலும், முட்டுக் கொடுக்க மட்டுமே செய்த மெல்லிய நான்கு கால்களின் மேலும் நின்றது. அந்தக் கால்களின் அடியில் பலகைகள். பலகைகளின் அடியில் இப்போது சேறு. கிழக்குப் பக்கம், காற்று தள்ளுகிற பக்கம், பின் மூலையில் ஜாக் நேராக இல்லை.

அவள் கதவுக்கு ஓடிவந்து உள்ளே கத்தினாள்: "டாரல்! சக்கரம் தரையில இல்ல!"

"எறக்கு," என்றான் அவன் கட்டிலிலிருந்து. அவ்வளவுதான்.

"எறக்குனா ஆடும்."

"எறக்கு, கொரீன்."

"கட்டில்ல இருக்காத. எறங்கி நடுத் தரையில படு, சக்கரத்துக்கு நேர் மேல."

அவன் கட்டிலிலிருந்து நழுவித் தரையில் விழுந்த ஓசை கேட்டது. அவனை எப்படி வெளியே கொண்டுவருவது என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தாள். நிற்க முடியாதவனை அந்தப் படியிலிருந்து, இந்தக் காற்றில், தலைசுற்றித் துள்ளுகிறவனைத் தோளில் தாங்கிக்கொண்டு. கதவோரமாக எடையைச் சேர்க்கும்போதே வீடு அந்தப் பக்கம் போய்விடும். முடியாது. அவன் உள்ளேதான்.

மெஷினை எடுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கிய கைப்பிடியை எடுத்தாள். ஏற்றிய வரிசையிலேயே இறக்க வேண்டும், ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒன்றை முழுவதும் இறக்கினால் எதிரே இருப்பது மடங்கிவிடும். இது சரிதானா? யாரைக் கேட்பது? முன் இடதில் கைப்பிடியைச் செருகித் திருப்பினாள். இப்போதுதான் முதல்முறையாகப் பாரம் அவள் தோளுக்கு வந்தது. இவ்வளவு பாரத்தையா இத்தனை நாளும் விரல் நுனியால் ஏற்றிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது.

முன் வலது. பின் வலது. பின் இடதைத் தொட்டபோது பெரிய வீச்சு ஒன்று வந்தது. டிரெய்லர் ஆடவில்லை, நகர்ந்தது. பலகையின் மேல் இரும்பு கீச்சென்று வழுக்கியது. உள்ளே டாரல் ஏதோ கத்தினான். அவள் கைப்பிடியை விட்டுப் பின்னால் பாய்ந்தாள். வீடு நின்றது. மறுபடி முட்டி போட்டாள்.

அடுத்த சுற்று. அதற்கடுத்த சுற்று. மூக்கு ஜாக்கையும் கூடவே இறக்கினாள். மேற்குப் பக்கச் சக்கரம் மண்ணைத் தொட்டு, சுற்றுவதை நிறுத்தியது. கிழக்கே பின் மூலை ஜாக் மட்டும் அசையவில்லை. பாதி சேற்றுக்குள் போய், கால் முறுக்கிக்கொண்டு, கைப்பிடிக்கு இடமே கொடுக்காமல் நின்றது. பாரம் முழுதும் அதன் மேல் இருந்தது. அது எந்த நேரமும் மடங்கும். மடங்கினால் காற்று தள்ளுகிற பக்கத்துக்கே வீடு விழும். விழுகிற வேகத்தில் டயரோடு நிற்காது.

அப்போதுதான் வரிசையின் கடைசியில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த டிரெய்லர் படுத்தது. சத்தமே கேட்கவில்லை, காற்று அதையும் விழுங்கிவிட்டது. ஒரு பக்கம் எழும்பி, யோசிப்பது போல நின்று, சாவகாசமாகக் கவிழ்ந்து, சுவர் பிளந்து மெத்தை வெளியே வந்தது.

கொரீன் தலையைத் திருப்பினாள். ரமோனா தன் லாரியின் மறைவில் இந்தப் பக்கமே பார்த்தபடி நின்றாள். கையில் ஒரு குட்டை ஜாக் இருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாளோ.

"நிக்காதடி! வா! வந்து தொடு!"

ரமோனா குனிந்தபடியே ஓடிவந்தாள். "கேக்கவே மாட்டியோன்னு நெனச்சேன்," என்று காதருகே கத்தினாள். "கழுதை! படி வளருதுன்னு அன்னைக்கே சொன்னேனே!"

"அப்பறம் திட்டு!"

"திட்டத்தான் போறேன். கால வெளிய வை. உள்ள எதையும் நீட்டாத, தலைமுடியக்கூட."

ரமோனா படிக்குக் கீழே கிடந்த பலகையை உருவிச் சேற்றில் போட்டு, அதன் மேல் குட்டை ஜாக்கை வைத்து, டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் தள்ளி நெம்பினாள். பாரம் அதற்கு மாறியது. முறுக்கிக்கொண்ட கால் தளர்ந்தது. கொரீன் ஒரு கட்டையால் அடித்து அடித்து அதை வெளியே தள்ளினாள். வெளியே வந்தபோது பழைய தகரக் கரண்டி போல வளைந்திருந்தது.

"இப்ப விடப்போறேன்," என்றாள் ரமோனா. "அவர்கிட்ட சொல்லு."

"டாரல்! பிடிச்சுக்கோ!"

ரமோனா குட்டை ஜாக்கின் திருகைத் தளர்த்தினாள். வீடு பெருமூச்சு விட்டது போல இறங்கி, டயரில் அமுங்கி, எழும்பி, அமுங்கியது. அடுத்த வீச்சு வந்தது. அந்த டிரெய்லர் மற்றவற்றைப் போலவே தலையை ஆட்டியது. உள்ளிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. சக்கரக் கட்டைகளைக் கொரீன் உதைத்து இறுக்கினாள். ரமோனா கொரீன் வீட்டு லாரியைப் பின்னால் எடுத்து வந்தாள், கொக்கியை மாட்டினார்கள், மீதி மூன்று ஜாக்குகளையும் பட்டும் படாமலும் முட்டுக்கொடுத்தார்கள்.

"எங்கூட வர்றியா? ஒனக்கு எடம் இருக்கு."

"அவரை எப்படித் தூக்கறது?"

ரமோனா அவள் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் குனிந்து ஓடினாள்.

உள்ளே குவளை உடைந்து கிடந்தது. டாரல் தரையில் ஒருக்களித்து, மேஜைக் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கிடந்தான். சட்டையெல்லாம் வாந்தி. கண்ணைத் திறக்கவில்லை. அவள் சுவரில் சாய்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வந்த பிறகுதான் அவன் சொன்ன அந்த ஒற்றைச் சொல் நினைவுக்கு வந்தது. சக்கரம் தரையில் இல்லை என்றதற்கு, என்ன என்று கேட்கவில்லை. எப்படி என்று கேட்கவில்லை.

"ஒனக்குத் தெரியுமா?" என்றாள்.

வீடு ஆடியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"டாரல். தெரியுமா ஒனக்கு?"

"நீ நடந்தா... வீடு டயர்ல நின்னா அந்த அசைவு ஒரு மாதிரி தெரியும்," என்றான். "நீ ஜாக்கை ஏத்தின அந்த வாரமே அது போயிடுச்சு. சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"தூங்கினேன் கொரீன்." அவன் குரல் கெஞ்சியது. "விழுந்ததுக்கு அப்பறம் மொத தடவையா தூங்கினேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"நானும் இங்கதான படுத்திருந்தேன்? ஒன் பக்கத்துல."

ஜன்னலுக்கு வெளியே குன்றின் மேல் இறக்கைகள் இன்னும் நின்றபடியே இருந்தன. இரைச்சல் கூடிக்கொண்டிருந்தது, இருட்டுவதற்கு நேரம் இருந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் டிரெய்லர் டயரில் அமுங்கி எழுந்தது, அவன் மேஜைக் காலை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"வாளி," என்று முனகினான். "வாளி கொண்டா. மெதுவா... மெதுவா நட."

கொரீன் எழுந்தாள். சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றவில்லை. அடுப்படிக்குப் போகும்போதும், வாளியோடு திரும்பி வரும்போதும், முழுப் பாதத்தையும் ஊன்றி நடந்தாள்.